மின்கட்டணம் முடிவு செய்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரண்ட் பில் ஏறினால் எல்லோரும் இ.பி. ஆபீஸைத் திட்டுகிறோம், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அமைச்சரைத் திட்டுகிறார்கள். கட்டண ஆணையில் கையெழுத்துப் போடுகிற மூன்று பேர் யார், அந்த நாற்காலிக்கு வருமுன் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. காரிமங்கலத்தில் பவர்லூம் வைத்திருப்பவர், பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடுபவர், போச்சம்பள்ளி விவசாயி, ஓசூரில் சின்ன லேத் பட்டறைக்காரர் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வக்கீல் கிடையாது. கட்டண ஆணைகளை உட்கார்ந்து படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

முதலில், யார் இவர்கள்? மின்வாரிய அதிகாரிகளா?

இல்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று தனி அமைப்பு, கிண்டியில் அலுவலகம். 1998-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டத்தின் கீழ் 1999-இல் அமைத்தார்கள், இப்போது நடப்பது 2003 மின்சாரச் சட்டப்படி. தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் மூன்று பேர். ஒரு மாநிலத்தில் யூனிட் எவ்வளவுக்கு விற்கலாம், காற்றாலைக்காரனுக்கு என்ன விலை கொடுக்கலாம், புது இணைப்புக்கு எவ்வளவு வசூலிக்கலாம் எல்லாமே இந்த மூன்று பேர் கையில். மின்வாரியம் (இப்போது அதைப் பிரித்து, பகிர்மானத்துக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று, பசுமை எரிசக்திக்கு ஒன்று என்று கம்பெனிகளாக்கி விட்டார்கள்) இவர்கள் முன்னால் மனு போட்டு நிற்க வேண்டிய கட்சிக்காரர் மட்டுமே. குறைந்தபட்சம் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.

என்ன படித்திருக்க வேண்டும்?

குறிப்பிட்ட பட்டம் எதையும் சட்டம் கேட்கவில்லை. 84-ஆம் பிரிவு சொல்வது இது: திறமையும் நேர்மையும் மதிப்பும் உள்ளவராக இருக்க வேண்டும், பொறியியல், நிதி, வணிகம், பொருளாதாரம், சட்டம், நிர்வாகம் இவற்றில் எழும் பிரச்சினைகளைக் கையாளப் போதிய அறிவு இருக்க வேண்டும், அப்படிக் கையாண்டு காட்டியும் இருக்க வேண்டும். அந்தக் 'காட்டியும்' என்பதைக் கவனியுங்கள். எம்.பி.ஏ. முடித்தேன், சட்டம் படித்தேன் என்று சான்றிதழ் நீட்டினால் போதாது, செய்த வேலை பேச வேண்டும். அதை அளப்பது யார், எப்படி என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மத்திய ஆணையத்துக்குச் சட்டம் இன்னும் தெளிவாக எழுதியிருக்கிறது, இன்ஜினியரிங்கிலிருந்து ஒருவர், நிதியிலிருந்து ஒருவர் என்று. மாநில ஆணையத்துக்கு அந்தப் பங்கீடு கிடையாது. மூன்று பேருமே ஒரே துறையிலிருந்து வந்தாலும் 2003-இல் எழுதிய எழுத்துப்படி குற்றம் சொல்ல முடியாது. இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது உச்ச நீதிமன்றம்.

அப்போ நீதிபதி ஒருவர் கட்டாயமா?

நீதிபதி கட்டாயம் இல்லை, சட்டத் துறையிலிருந்து ஒருவர் கட்டாயம். பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரையோ இருந்தவரையோ, தலைமை நீதிபதியைக் கலந்துகொண்டு, தலைவராக நியமிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. 'லாம்' தான். அப்படி நியமித்தே ஆக வேண்டும் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2018 ஏப்ரலில் குஜராத் அரசு சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: தலைவர் நீதிபதியாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் உறுப்பினர்களில் ஒருவராவது சட்டம் தெரிந்தவராக, அதாவது நீதித்துறைப் பதவியில் இருந்தவராகவோ மாவட்ட நீதிபதி அல்லது உயர் நீதிமன்ற நீதிபதி ஆகத் தகுதியுள்ள அளவுக்கு வக்கீல் தொழில் செய்தவராகவோ இருக்க வேண்டும். காரணம் எளிது. ஆணையம் கட்டணம் மட்டும் போடுவதில்லை, மின் உற்பத்திக் கம்பெனிக்கும் வாரியத்துக்கும் சண்டை வந்தால் தீர்ப்பும் சொல்கிறது. தீர்ப்புச் சொல்கிற இடத்தில் சட்டம் தெரிந்த ஒரு ஆளாவது வேண்டாமா?

2022-இல் கட்டண உயர்வை கோர்ட் நிறுத்தியதாகச் சொன்னார்களே, அது இதனால்தானா?

இதனால்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'உறுப்பினர் பின்னணி நமக்கு எதுக்கு' என்பவர்களுக்கு இதுவே பதில்.

2014 டிசம்பருக்குப் பிறகு கட்டணம் பெரிதாக மாறவில்லை. 2022 ஜூலையில் வாரியம் மனு போட்டது. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. (தருமபுரியும் கிருஷ்ணகிரியும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இங்கிருந்து ஒரு விவசாயி சேலம் தாண்டி கோவைக்குப் போய் மைக்கில் சில நிமிஷம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும் என்றால் ஒரு நாள் பிழைப்பு போச்சு.) அந்தச் சமயத்தில் ஆணையத்தில் சட்ட உறுப்பினர் நாற்காலி காலி. நூற்பாலைச் சங்கம் ஒன்று இதைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. சட்ட உறுப்பினரை நியமிக்கும்வரை இறுதி ஆணை போடக் கூடாது என்றார் தனி நீதிபதி. வாரியத் தரப்பு மேல்முறையீடு செய்தது, இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை அகற்றியது, செப்டம்பர் 9-ஆம் தேதி ஆணை வந்து 10-ஆம் தேதியே அமலுக்கும் வந்துவிட்டது.

சட்டத்தின் 93-ஆம் பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது: ஆணையத்தில் இடம் காலியாக இருக்கிறது என்பதை மட்டும் காரணம் காட்டி அதன் நடவடிக்கையைச் செல்லாது என்று சொல்ல முடியாது. ஒரு உறுப்பினர் ஓய்வு பெற்றதும் எல்லா வேலையும் நின்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த பிரிவு, நியாயமானதுதான். ஆனால் அரசு நியமனத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாலும் அதே பிரிவு காப்பாற்றிவிடும். என்னைக் கேட்டால், எட்டு வருஷத்துக்கு அப்புறம் வரும் கட்டண ஆணையை முழு ஆணையம் உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? முதலமைச்சர் நினைத்த ஆளைப் போடலாமா?

நேரடியாக முடியாது. தேர்வுக் குழு ஒன்று உண்டு: உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர் தலைவர், மாநிலத் தலைமைச் செயலாளர் ஒருவர், மத்திய மின்சார ஆணையம் அல்லது மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் ஒருவர். ஒரு காலியிடத்துக்கு இரண்டு பெயரை இந்தக் குழு கொடுக்கும், அதில் ஒன்றை அரசு எடுக்கும். பெயர் கொடுக்குமுன், அந்த நபருக்குப் பணம் சார்ந்தோ வேறு வகையிலோ இந்த வேலையைப் பாதிக்கிற சம்பந்தம் எதுவும் இல்லை என்று குழு உறுதி செய்துகொள்ள வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதியைத் தலைவராகப் போடுவதாக இருந்தால் மட்டும் இந்தக் குழு தேவையில்லை.

இரண்டு பெயரில் ஒன்று என்பதால் அரசுக்கு இடம் இருக்கிறது, ஆனால் வானளாவிய இடம் இல்லை. டெல்லியில் முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் ஒத்துப்போகாமல், 2023-இல் உச்ச நீதிமன்றமே அங்குள்ள ஆணையத்துக்குத் தற்காலிகத் தலைவரைப் போட வேண்டியிருந்தது. நம்ம ஊரில் அந்த அளவுக்குப் போகவில்லை.

வாரியத்திலேயே முப்பது வருஷம் இருந்த இன்ஜினியர் வாரியத்தின் மனுவை விசாரிப்பது நியாயமா?

அதிகம் வருகிற கேள்வி இது. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது.

கணக்கு தெரிந்தவனிடம்தான் கணக்கைக் கொடுக்க வேண்டும். லைன் லாஸ் (வழியிலேயே வீணாகும் மின்சாரம்) இவ்வளவு சதவீதம் என்று வாரியம் எழுதிக் கொடுக்கும்போது, மீட்டரே இல்லாத விவசாய பம்ப்செட்டுகளின் யூனிட்டை எப்படிக் கணக்கிட்டாய், அதைக் கூட்டிக் காட்டி லாஸைக் குறைத்திருக்கிறாயா என்று கேட்க வாரியத்துக்குள் வேலை பார்த்தவருக்குத்தான் தோன்றும். வெளியாள் அந்த அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். நிலக்கரி எந்த விலைக்கு எடுத்தார்கள், அனல் நிலையம் எத்தனை நாள் நின்றது, ஏன் வெளியில் வாங்கினார்கள் என்பதெல்லாம் உள்ளே இருந்தவர்களுக்கு அத்துப்படி.

மறுபக்கம் பாருங்கள். தன்னோடு வேலை பார்த்தவர்கள் எதிரில் நின்று 'சார், நிலைமை உங்களுக்கே தெரியும்' என்கிறார்கள். தெரியும்தான், அதுதான் பிரச்சினை. தான் செயற்பொறியாளராக இருந்தபோது எடுத்த முடிவின் செலவு, இப்போது தான் பார்க்கிற கணக்கில் கடனாக நிற்கலாம். லஞ்சம், ஊழல் என்றெல்லாம் போக வேண்டாம், பழக்கமே போதும். வாரியத்தின் நஷ்டம் தவிர்க்க முடியாதது என்று முப்பது வருஷம் கேட்டுக்கொண்டே இருந்த காது, அதை வேறு மாதிரி கேட்பது கஷ்டம்.

அதனால் வாரியத்து ஆளே வரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று பேரில் ஒருவர் அப்படி, ஒருவர் சட்டக்காரர், இன்னொருவர் வாரியத்தோடு சம்பந்தமே இல்லாத நிதிக்காரர் என்றால் நல்ல கூட்டணி. மூன்றில் இரண்டு வாரியத்து ஆட்கள் என்றால் எனக்குச் சந்தேகம் வரும், ஏனென்றால் ஆணையத்தில் முடிவு பெரும்பான்மையில்தான்.

ஐ.ஏ.எஸ். அதிகாரிகள்?

ஓய்வுக்குப் பிறகு ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் இப்படி ஆணையங்களுக்குப் போவது இந்தியா முழுக்க வாடிக்கை. நிர்வாக அனுபவம் என்ற வகையில் சட்டப்படி தகுதி வந்துவிடும். எரிசக்தித் துறைச் செயலாளராகவோ வாரியத் தலைவராகவோ இருந்திருந்தால் மேலே சொன்ன அதே சங்கடம். இல்லாவிட்டால், மின்சாரத்தை முதல் ஆறு மாதம் படிக்க வேண்டும். அரசாங்கத்துக்கு முடியாது என்று சொல்லிப் பழகியவரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பின்னணி என்னவாக இருந்தால் என்ன, பில் பில்தானே?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையை எடுத்துக்கொள்வோம். பெங்களூரா மாங்காயும் அல்போன்சாவும் வருகிற மே முதல் ஜூலை வரை ராப்பகலாக ஓடும், அப்புறம் பெரும்பாலும் கதவு சாத்தல். 200 கே.வி.ஏ. உயரழுத்த இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள் (கே.வி.ஏ. என்பது ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய மின்சுமையின் அளவு). 2022 ஆணையில் டிமாண்ட் சார்ஜை (ஓடிய யூனிட்டுக்கு இல்லாமல், ஒப்பந்த மின்சுமைக்காக மாதாமாதம் கட்டுவது) கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ஆக்கினார்கள். எவ்வளவு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்காவது கட்ட வேண்டும். 180 கே.வி.ஏ. பெருக்கல் 550, மாதம் 99,000 ரூபாய். டிமாண்டைக் குறைத்து எழுதிக் கொடுக்காத வரை, ஒரு மாம்பழம்கூட அரைபடாத ஒன்பது மாதத்துக்கு 8,91,000. அதற்குப் பிறகும் வருடா வருடம் ஜூலையில் விலைவாசி உயர்வு அல்லது 6 சதவீதம், எது குறைவோ அந்த அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று அதே ஆணையில் எழுதியிருந்தது.

இதை இன்ஜினியர் பார்த்தால், உனக்காக டிரான்ஸ்பார்மரும் லைனும் வருஷம் முழுக்கக் காத்து நிற்கின்றன, அதன் செலவை யார் தருவது என்பார். நிதிக்காரர் பார்த்தால், நிலையான செலவை நிலையான கட்டணத்திலேயே எடுத்தால்தான் வாரியத்தின் கடன் அடையும் என்பார், அல்லது இப்படிப் பிழிந்தால் ஆலைக்காரன் சோலார் போட்டுக்கொண்டு போய்விடுவான், அப்புறம் வருமானமே போகும் என்பார். சட்டக்காரர் வேறு இடத்தைப் பிடிப்பார்: சீசன் ஆலைகள் கொடுத்த ஆட்சேபணைக்கு ஆணையில் காரணத்தோடு பதில் சொல்லியிருக்கிறீர்களா, 'பரிசீலிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்களா? மூன்று பார்வையும் ஒரே மேசையில் மோதினால்தான் ஆணைக்கு மரியாதை. எந்தப் பார்வை அங்கே இல்லையோ, அந்தப் பக்கத்துக் கேள்வி ஆணையிலும் இருக்காது. படித்துப் பாருங்கள், தெரியும்.

எத்தனை வருஷம் இருப்பார்கள்? அப்புறம் தனியார் கம்பெனியில் சேரலாமா?

ஐந்து வருஷம், அல்லது 65 வயது, எது முந்துகிறதோ அதுவரை. அதே பதவியில் மறுபடியும் நியமிக்க முடியாது. பதவி முடிந்து இரண்டு வருஷத்துக்கு வணிக நிறுவனம் எதிலும் வேலை ஏற்கக் கூடாது. பதவியில் இருக்கும்போது வேறு எந்தப் பதவியும் கூடாது.

65 என்ற வரம்பால் ஒரு பக்க விளைவு உண்டு. அறுபதில் ஓய்வு பெற்று நேராக வருபவருக்கு முழு ஐந்து வருஷம் கிடைக்கும். 62-இல் ஓய்வு பெறுகிற உயர் நீதிமன்ற நீதிபதிக்கு மூன்றே வருஷம். நீதிபதிகள் தலைவராக வருவதில் அவ்வளவு ஆர்வம் காட்டாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பிடிக்காத உறுப்பினரை அரசு நீக்க முடியுமா?

நினைத்த மாத்திரத்தில் முடியாது. திவால் ஆகியிருக்க வேண்டும், ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றிருக்க வேண்டும், உடலோ மனமோ வேலைக்கு ஒத்துழைக்காத நிலை வேண்டும், அல்லது நடுநிலையைக் கெடுக்கும் சம்பந்தம், பதவி துஷ்பிரயோகம், தவறான நடத்தை மாதிரி ஏதாவது நிரூபணம் ஆக வேண்டும். விசாரிப்பவர் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர். அரசு சொன்னதைக் கேட்கவில்லை என்பது நீக்கக் காரணம் இல்லை.

விவசாய இலவச மின்சாரத்தை இவர்கள் நிறுத்திவிடுவார்களா?

அரூர், பென்னாகரம் பக்கம் தேர்தலுக்குத் தேர்தல் கிளம்புகிற பயம். இலவசம் என்பது அரசின் முடிவு. ஆணையம் விவசாய இணைப்புக்கும் ஒரு கட்டணம் நிர்ணயிக்கும், அதை விவசாயிக்குப் பதில் அரசு வாரியத்துக்குக் கட்ட வேண்டும், அதுவும் 65-ஆம் பிரிவுப்படி முன்கூட்டியே. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் இதே வழியில்தான். அரசு பணம் தராவிட்டால் ஆணையம் போட்ட முழுக் கட்டணத்தை வாரியம் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எந்த அரசு அப்படி விடும்?

என் மீட்டர் ஓடாமலேயே பில் வருகிறது. ஆணையத்துக்கு எழுதட்டுமா?

வேண்டாம், அங்கே எடுக்க மாட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அங்கே மனு கொடுங்கள். அந்த மன்றத்துக்குத் தலைவர் அதே வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். ஆமாம், அவர்தான். அங்கே திருப்தி இல்லாவிட்டால் சென்னையில் இருக்கும் மின்குறை தீர்ப்பாளருக்கு மேல்முறையீடு செய்யலாம், அவரை நியமிப்பது ஆணையம்.

ஒகேனக்கல் தண்ணீர், உயர்கோபுர லைன் இதெல்லாமும் இவர்கள் கையிலா?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்துடையது. 2013-இல் திறந்தார்கள். நம் இரண்டு மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் வந்த திட்டம். தண்ணீருக்கு என்று தனி ஒழுங்குமுறை ஆணையம் மகாராஷ்டிராவில் உண்டு, தமிழ்நாட்டில் மின்சார ஆணையம் தண்ணீரைத் தொடாது.

ராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் மாதிரி லைன்கள் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவை, அவற்றின் கட்டணம் டெல்லியில் உள்ள மத்திய ஆணையத்திடம். நிலத்தில் கோபுரம் நட்டதற்கு இழப்பீடு என்றால் கலெக்டர் ஆபீஸ், மாவட்ட நீதிமன்றம் என்று போக வேண்டும். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டறை வைத்திருப்பவருக்குக் கர்நாடக ஆணையம்.

இப்போதிருக்கும் உறுப்பினர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று எங்கே பார்ப்பது?

கட்டண ஆணையை ஆணையத்தின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். முகப்பிலேயே யார் யார் அமர்வில் இருந்தார்கள் என்று பெயரும் பதவியும் இருக்கும். எத்தனை பெயர் இருக்கிறது என்று பாருங்கள், இரண்டுதான் என்றால் ஒரு நாற்காலி காலி. அதே தளத்தில் உறுப்பினர்கள் பற்றிய குறிப்பும் இருக்கும், ஆனால் அது மரியாதைக்கு எழுதுகிற குறிப்பு, 'பரந்த அனுபவம் கொண்டவர்' வகை. நியமன அரசாணையை எரிசக்தித் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். தேர்வுக் குழு எந்தத் தேதியில் கூடியது, காலியிடம் எப்போது உண்டானது, எந்தத் துறை அனுபவத்தின் பேரில் அவரைப் பரிந்துரைத்தார்கள் என்று தனித்தனிக் கேள்வியாக எழுதுங்கள். 'முழு விவரம் தருக' என்று ஒரே வரியில் கேட்டால், மூன்றாம் நபர் தகவல் என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள்.

நம் மாவட்டத்துக்காரர் யாராவது உள்ளே உட்கார வழி இருக்கிறதா?

உறுப்பினர் பதவிக்குத் தகுதி இருந்தால் யாரும் விண்ணப்பிக்கலாம், அது வேறு விஷயம். அதைவிடப் பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது: மாநில ஆலோசனைக் குழு. 87-ஆம் பிரிவுப்படி அதிகபட்சம் 21 பேர், வணிகம், தொழில், போக்குவரத்து, விவசாயம், தொழிலாளர், நுகர்வோர், தொண்டு நிறுவனம், கல்வித் துறை என்று பல தரப்பிலிருந்து ஆணையமே நியமிக்கும். கொள்கை, மின்தரம், நுகர்வோர் நலன் பற்றி ஆணையத்துக்கு யோசனை சொல்வது இதன் வேலை. யோசனைதான், முடிவு இல்லை. ஆனாலும் மாங்கூழ் ஆலைச் சங்கமோ மலர் விவசாயிகளோ இந்த இரண்டு மாவட்டத்திலிருந்து ஒரு பெயரையாவது எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கலாம். அடுத்த கட்டண மனு வரும்போது, கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒன்றாவது வையுங்கள் என்று அதே கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள், முகவரி ஆணையத்தின் செயலாளருக்கு.